பாலத்து வளைவில் திக்கும் எஞ்சின்

கோடு போட்டால் கோட்டோடு நிற்க வேண்டும். இதை என் தங்கை வீட்டுக்காரரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். மனிதர் கேட்டால்தானே? ஞாயிற்றுக்கிழமையானால் கணபதி பகுதியில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு வந்துவிடுவார். அவருடைய பழைய டூ-ஸ்ட்ரோக் பைக்கின் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இருவரும் உட்காருவோம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை லேத்தில் கொஞ்சம் வழித்துக் கொடுப்பது என் வேலை. சிலிண்டர் பிளாக்கில் புகை வெளியேறும் துவாரத்தைக் கோடு போட்டு அராவி உயர்த்துவது அவர் வேலை. துவாரம் உயர்ந்தால் வண்டி பறக்கும். அளவு மீறினால் மெதுவாகப் போகும்போது திக்கும்.

மீறினார். பேச்சு சுவாரசியத்தில் அரம் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது உதவாதுங்க மாப்ள. வேற பிளாக்கு வாங்கிப் போட்டுக்கலாம்."

"இருக்கட்டும் விடுங்க மச்சான். நம்ம வண்டி வருதுன்னு ஊருக்குத் தெரியோணுமல்ல?"

ஊருக்குத் தெரிந்ததோ இல்லையோ, தங்கைக்குத் தெரிந்தது. சூலூர் தாண்டி அவர்கள் ஊர். ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு வாய்க்கால் பாலம், அதை ஒட்டி ஒரு வளைவு. அங்கே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். குறைத்தால் வண்டி திக்கும், பிறகு முறுக்கியதும் அலறிக்கொண்டு பாயும். அந்தத் திக்கல் காதில் விழுந்ததும் அவள் தோசைக்கல்லுக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். அவர் கைகால் கழுவி உட்காரவும் முதல் தோசை வரவும் சரியாக இருக்கும்.

அவர் வண்டியில் விழுந்து சாகவில்லை. பல்லடத்தில், வேலை பார்த்த தறிக்கூடத்தில், தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆனால் எழவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வண்டி மேல்தான் பழியைப் போட்டார்கள். நாக்குக்கு நரம்பில்லாதவர்களிடம் என்ன பேசுவது?

"எடுத்துட்டுப் போங்ணா, நின்னா துருப்புடிச்சுப் போயிரும்" என்று தங்கை சாவியைக் கொடுத்தாள். அடுத்த முறை அவளைப் பார்க்க அதிலேயே போனேன். உள்ளே தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. மாவுக் கரண்டியைப் பிடித்தபடி அவள் என் முகத்தையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பார்த்தால் நான் வேறு ஆளாகிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ.

"கை தானாப் போயிருச்சுங்ணா" என்றாள்.

அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. பாலத்தில் வண்டி திக்கும்போது பின் சீட்டில் அவர் உட்கார்ந்து சிரிப்பது போல இருக்கும். பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைக் கிண்டல் செய்கிற ஆள் நான். ஆனாலும் திரும்பிப் பார்ப்பேன்.

கடைசியில் அவளே சொன்னாள். "இந்தச் சத்தம் வேண்டாங்ணா. ஒவ்வொருக்காவும் வந்துட்டாருன்னு நெனச்சு, அப்புறம் இல்லைன்னு ஆகுது. என்னால முடியலீங்ணா."

அராவி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அலைந்து திரிந்து, யாரும் கை வைக்காத ஒரு பிளாக்கைத் தேடிப் பிடித்து மாட்டினேன். வண்டி பாலத்தில் திக்கவே இல்லை. பழைய பிளாக்கை இரும்புக்கடையில் போடத்தான் எடுத்து வைத்தேன். மனசு வரவில்லை, பட்டறையிலேயே கிடந்தது.

சில வாரங்கள் போயின. ஒரு ஞாயிறு நான் போய் நின்றபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வண்டி வந்ததே தெரியவில்லை. அடுப்பும் பற்றவைக்கவில்லை.

"சாப்பிட்டியா கண்ணு?"

"பசிக்கிலீங்ணா." வண்டியைப் பார்த்தபடி கேட்டாள். "ஏனுங்ணா, அந்தப் பழைய பிளாக்கு இருக்குதுங்களா?"

"இருக்குது அம்மணி. ஏன்?"

"முன்ன, பாலத்துல இருந்து வாசல் வரைக்குமாச்சும் அவரு உசுரோட வந்துட்டிருந்தாருங்ணா."

அன்றைக்கே பட்டறைக்குப் போய் அதை மாட்டினேன்.

அடுத்த ஞாயிறு, பாலத்து வளைவில் வேகத்தைக் குறைத்தேன். திக்கியது. வழக்கமாக உடனே முறுக்கிவிடுவேன். இந்த முறை முறுக்கவில்லை. வீடு வரைக்கும் திக்கிக்கொண்டே மெதுவாகப் போனேன்.