நெடுஞ்சாலையும் தாய்மாமன் மடியும்

டோல் நெடுஞ்சாலையைப் பற்றி யாராவது பெருமை பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வேகமாம், சொகுசாம். யாருக்கு? சிம்பாங் அம்பாட்டில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வீட்டுக்கும் எனக்கும் நடுவில் அது வந்து படுத்த நாளிலிருந்து நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி ஆகிவிட்டேன். சாலையைத் திறந்து வைத்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை.

அதற்கு முன்னால் வழி சுலபமாக இருந்தது. பினாங்குத் தீவில் நான் இருக்கும் டத்தோ கிராமாட்டிலிருந்து பஸ் பிடித்து ஜெட்டி, அங்கிருந்து ஃபெரி, அக்கரையில் இன்னொரு பஸ். பஸ் ஓடும் பழைய சடக்கில் இறங்கினால் எதிரே ஒரு செம்மண் சந்து, அது முடிகிற இடத்தில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை மனசு வந்தால் போதும், போய்விடுவேன். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள நான் ஒருவன்தான். நான் கறிப் பொட்டலத்தோடு சந்துக்குள் நுழைவதைப் பார்த்தாலே உலை வைத்துவிடுவாள்.

நெடுஞ்சாலை அந்தச் சந்தைக் குறுக்கே வெட்டிப் போட்டது. இந்தப் பக்கம் பழைய சடக்கு, அந்தப் பக்கம் அக்கா வீடு, நடுவில் கம்பி வேலியும் பெரிய சாக்கடையும் பறக்கிற லாரிகளும். இனிமேல் செம்பனைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு, மேம்பாலம் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். சொந்தமாகக் காடி வைத்து ஓட்டுகிறவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. பஸ்ஸில் வருகிறவன் அந்த வெயிலில் நடந்தே சாக வேண்டியதுதான். வாரா வாரம் போனவன் மாதத்துக்கு ஒரு முறை போனேன், பிறகு பெருநாளுக்குப் பெருநாள்தான்.

அக்காவின் மாமனாருக்கோ அந்தச் சாலை தன் கொல்லைப்புறத்தில் தானே போட்டது மாதிரி. வருகிறவர்களையெல்லாம் வேலியோரம் கூட்டிப்போய்க் காட்டுவார். "கேஎல்லுக்கே நேராப் போகுதுலா" என்பார். கோலாலம்பூரில் அவருக்கு யாரும் இல்லை.

கல்யாணமாகி வெகு காலம் கழித்து அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள், அது எங்கள் வழக்கம். வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்தினால், குழந்தையைப் பெற்றவளுக்குப் பிறந்த வீட்டில் நாதியில்லை என்று ஊருக்கே சொல்வதாகிவிடும். அக்காவை அந்த வீட்டில் ஏற்கெனவே அப்படித்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். "ஒனக்காகக் கேக்க யாரு வரப் போறா" என்று மாமனார் சொல்லி நானே காதால் கேட்டிருக்கிறேன். அந்த ஒரு நாளாவது நான் போய்க் கால் மடக்கி உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா கேட்டதும் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையில் வந்த பெருநாளுக்காகத் திங்கட்கிழமையும் விடுமுறை. அன்றைக்கு ராகு காலம் முடிந்து எமகண்டம் தொடங்குவதற்குள் குத்திவிட வேண்டும். ஃபெரி காலமாக இருந்தால் ராகு காலத்துக்கு முன்னாலேயே, கிழக்கு வெளுக்கும்போதே கிளம்பியிருப்பேன். முதல் நாள் அக்காவின் மாமனார் போன் செய்தார்.

"தம்பி, காலங்காத்தால அடிச்சுப் பிடிச்சு வர வேணாம். ராகு காலம் முடிஞ்சு நல்ல நேரத்துல கெளம்பு. ஹைவே இருக்குலா, அரை மணி நேரத்துல இங்க நிப்பே."

நானும் சரி என்றேன். பெரியவர் சொல்கிறார், நல்ல நேரத்தில் கிளம்புவதும் நல்லதுதானே. ஆபீஸ் நண்பர் ஒருவரின் காடியை இரவல் வாங்கி வைத்திருந்தேன். நானும் மனைவியும் குளித்து உடுத்தி, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ராகு காலம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தபடி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பினாங்குப் பாலத்தை நன்றாகத்தான் கடந்தோம். டோல் சாவடியில் மாட்டிக்கொண்டோம். பெருநாளுக்குப் பினாங்கு வந்த கேஎல் கூட்டம் முழுக்க அன்றைக்குத்தான் திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் காடிகள். முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் முடியாது.

"இதே ஃபெரின்னா இந்நேரம் அங்க காப்பி குடிச்சுக்கிட்டு இருப்போம்" என்றாள் மனைவி.

 வாயைத் திறந்தால் சண்டையாகும் என்று முன்னால் நின்ற காடியின் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன்.

சாவடியைத் தாண்டிய பிறகும் ஊர்ந்துதான் போனோம். அப்படிப் போகும்போது வலது பக்கம் அக்கா வீடு தெரிந்தது. நீலத் தார்ப்பாயில் கூடாரம் போட்டிருந்தார்கள். அடியில் நாற்காலிகள், பட்டுப் புடவைகள், மணை போட்ட இடம், எல்லாமே தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் நடுவில் எதிர்த்திசை வண்டிகளும் வேலியும் சாக்கடையும்.

"ஓரமா நிறுத்துங்க. எறங்கி ஓடிடலாம்."

"ரோட்டத் தாண்டியா? தட்டோட சேர்த்து ஒன்னையும் அள்ளிக்கிட்டுப் போவான்."

பின்னால் ஒரு லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். கூடாரம் மெல்ல மெல்லப் பின்னால் போனது. வெளியேறும் வழி அதற்கும் அப்பால். அங்கே ஒரு சாவடி. என் அக்கா வீட்டைத் தாண்டி என்னைக் கொண்டுபோய் விட்டதற்கு நான் காசு கொடுத்தேன். அந்தச் சாவடிப் பெண் சிரித்த முகத்தோடு நன்றி வேறு சொன்னாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் முகம் கொடுக்கவில்லை.

மேம்பாலம் ஏறி, செம்பனைத் தோட்டத்தைச் சுற்றிப் போய் இறங்கினால், வாசலிலேயே குழந்தையின் வீறிடல் கேட்டது.

குத்திவிட்டார்கள். அத்தானுடைய அண்ணன் மணையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடி காலியாக இருந்தது, வேட்டியில் ஒரு சொட்டு ரத்தம். அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடாரத்தின் மூலையில் நின்றாள். காது குத்த வந்த பத்தர் கையில் ஊசியோடு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார். குழந்தையின் ஒரு காதில் தோடு இருந்தது. இன்னொரு காது வெறுமையாக இருந்தது.

"என்ன தம்பி, ஹைவேல வந்துமா லேட்டு?" என்றார் மாமனார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "நீங்கதான மாமா ராகு காலம் முடிஞ்சு கெளம்பச் சொன்னீங்க. சொல்லிட்டுக் காத்திருக்க முடியலையா?"

"நேரம் காத்திருக்குமா? ஒத்தக் காது குத்துனதும் புள்ளையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு நிக்கிறா ஒங்க அக்கா. எமகண்டம் தொடங்கிடுச்சு. நல்லதுக்கா இது?"

அந்த வீட்டில் அக்கா குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை. "எமகண்டத்துல குத்தினாலும் பரவால்ல. இந்தக் காது என் தம்பி மடியிலதான்" என்றாள்.

அத்தானின் அண்ணன் எழுந்து இடம் விட்டார். நல்ல மனிதர்தான், அப்பா சொன்னார் என்று உட்கார்ந்தவர். நான் மணையில் உட்கார்ந்தேன். அக்கா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தலைய ஆடாமப் பிடிச்சுக்குங்க" என்றார் பத்தர். பிடித்துக்கொண்டேன். குழந்தை என்னை அண்ணாந்து பார்த்தது. அதற்கு நான் யாரென்று தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது பிறந்த பிறகு நான் அந்த வீட்டுக்கு வந்ததே பெருநாளுக்குப் பெருநாள்தானே.

ஊசி இறங்கியது. கூடாரமே அதிர்கிற மாதிரி குழந்தை கத்தியது. நான் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது என் சட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, பக்கத்தில் நின்ற பெரியப்பாவிடம் இரண்டு கையையும் நீட்டியது. முதல் காதைக் குத்தும்போது உட்கார்ந்திருந்த மடி என்பதெல்லாம் அதற்கு நினைவில்லை. தினமும் பார்க்கிற முகம் அவர் முகம்தான். அவர் அக்காவைப் பார்த்தார், அக்கா என்னைப் பார்த்தாள்.

நானே தூக்கிக் கொடுத்தேன். அவர் தோளுக்குப் போனதும் அழுகையை நிறுத்திவிட்டது.