சில்லுக்கு வைத்த பொட்டு

தொண்ணூறுகளில் கோவைக் கல்லூரி ஒன்றில் ஊடுருவும் வலு குறைந்த மென் எக்ஸ்கதிரைப் படமெடுக்கும் சிலிக்கான் சில்லு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மாதக்கணக்காகத் திரையில் வெறும் இரைச்சல் புள்ளிகள்தான். ஆம்ப்ளிஃபயரை மாற்றிவிட்டு ஆயுத பூஜை விடுமுறைக்குப் போனேன். வந்து இயக்கினால் இரைச்சல் அடங்கியிருந்தது; ஆனால் நடுவில் ஒரு வட்ட நிழல், அதற்குள் இன்னும் கருப்பாகச் சின்ன வட்டம். எரிச்சலோடு சர்க்யூட் முழுவதையும் சோதித்தேன். கோளாறு எதுவும் இல்லை. கடைசியில் கருவியின் மூடியைத் திறந்தேன். கதிர் நுழையும் மெல்லிய தகட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்தப் பூச்சைக்கூடத் தாண்டாத கதிர் அது.

“பூஜை போட்டுப்போட்டு பொட்டு வைக்காம உடுவாங்களாங்க?” என்றார் கூட வேலை பார்த்த தோழி. “தொடச்சுப்போடறனுங்க.”

“இருங்க, இன்னொரு படம் எடுத்துக்கலாங்க” என்று தடுத்தேன். “இது கண்ணத் தொறந்து மொதல்ல பாத்தது அதத்தானுங்க.”