பாபநாசத்தின் சொல் சிக்கனம்

பாபநாசம் என்றதும் அருவிக்கும் படித்துறைக்கும் போய்விட வேண்டாம். இந்தப் பாபநாசம் ஆள். பாளையங்கோட்டையில் தந்தி ஆபீஸ் சன்னலுக்குப் பின்னால் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து, தொண்ணூற்றெட்டில் ஓய்வு பெற்றவர். தந்திக்கு வார்த்தைக் கணக்கில்தான் கட்டணம். ஜனங்கள் மூச்சுவிடாமல் சொல்வதைக் கேட்டு, அடித்துத் திருத்தி, நாலைந்து சொல்லில் அடக்கித் தருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பெண் பார்க்கப் போன அன்று அவர் சொன்னது "சம்மதம்" என்ற ஒரே சொல். அதையும் தங்கள் வீட்டு முறுக்கை மென்றுகொண்டே சொன்னதாக மனைவி சொர்ணாம்பாள் இன்றைக்கும் குறைபட்டுக்கொள்வாள்.

ஓய்வு பெற்ற மறு வருஷம் முகம்மது இப்ராஹிம் என்பவர் பக்கத்துத் தெருவில் இன்டர்நெட் சென்டர் திறந்தார். வெளிநாட்டில் பிழைக்கும் திருநெல்வேலிக்காரர்கள் மின்னஞ்சல் குழு ஒன்று வைத்திருப்பதையும், அதில் ஒருவர் எழுதினால் இருநூறு பேருக்கும் போகும் என்பதையும் அவர்தான் சொன்னார். பாபநாசத்துக்கு ஆசை பிடித்துக்கொண்டது. ஆயுசு முழுக்க ஊரார் சேதியையே அனுப்பியவர் அல்லவா? தன் எழுத்துக்கு யாராவது ஒருவர், ஒரே ஒருவர், பதில் போட்டால் போதும் என்றிருந்தது அவருக்கு.

முக்கால் மணி நேரம் பாடுபட்டு முதல் கடிதத்தை எழுதினார். "திருச்செந்தூர் சென்றோம். தரிசனம் ஆயிற்று. நலம்." ஒரு வாரம் காத்திருந்தார். இருநூறு பேரில் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, இங்கன வார்த்தைக்கு ரூவா கிடையாது, நேரத்துக்குத்தான்" என்றார் இப்ராஹிம். "நீங்க ஒரு வார்த்தைய வெட்டுததுக்குப் பத்து நிமிசம் யோசிக்கீய. எனக்கு நல்லதுதான், உங்களுக்குக் கட்டுபடியாகாது."

அச்செடுத்துக் கொண்டுவந்த தாளைச் சொர்ணாம்பாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, என் செருப்பு காணாமப் போச்சுல்லா, அதெங்க? நாழிக்கிணத்துப் படியில நீங்க வழுக்கி விழுந்தீயளே, அதெங்க?"

"அதெல்லாம் எதுக்கு?"

"பின்ன நலம்னு யாருக்குச் சொல்லுதீய? முருகனுக்கா?"

ரோஷம் வந்துவிட்டது. அடுத்த கடிதத்தில் ஆர்ப்பரிக்கும் அலைகடல், அருள்மழை பொழியும் ஆறுமுகம் என்று இரண்டு பக்கத்துக்கு வெளுத்து வாங்கினார். அதற்கும் பதில் இல்லை. சொர்ணாம்பாள் பாதி படித்ததுமே தாளைக் கீழே வைத்துவிட்டாள். "கோயில் கொடைக்கு மைக் பிடிச்சவன் பேசுத மாதிரி இருக்கு. இதுல நீங்க எங்க இருக்கீய?"

இருக்கிற இடம் அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வழக்கமாகப் பேசுகிறவர் இல்லை என்பதால் வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் அவளே வந்தாள். "உவரிக்காரி ஒருத்தி தந்தி குடுக்க வந்த கதைய ஒருநா சொன்னீயளே. அதை எனக்குச் சொன்ன மாதிரியே எழுதுங்க."

எழுதினார். அந்த உவரிக்காரி கொச்சியில் படகு வேலைக்குப் போயிருந்த புருஷனுக்குத் தந்தி கொடுக்க வந்தாள். சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது, வலையைத் தைத்தாயிற்று, மழையில் கடலுக்குப் போக வேண்டாம், நீ இல்லாமல் திருவிழா கசக்கும் என்றெல்லாம் சொன்னாள். "திருவிழாவுக்கு வரவும்" என்று பாபநாசம் வெட்டினார். மிச்சமான காசைப் பார்த்து அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். இவ்வளவுதான் கடிதம். வழுக்கி விழுந்ததைக்கூட ஒரு பின்குறிப்பாகச் சேர்த்திருந்தார்.

மறுநாள் பதில் வந்திருந்தது. இப்ராஹிம் ஆளனுப்பிச் சொன்னார். பாபநாசம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினார். சொர்ணாம்பாளும் கூடவே போனாள்.

மஸ்கட்டிலிருந்து பாக்கியசீலன் என்பவர் எழுதியிருந்தார். 'நானும் பாளையங்கோட்டைதான். எழுபத்து நாலில் வடக்கே பிலாய் உருக்காலையில் எனக்கு முதல் வேலை. பிடிக்கவில்லை, ஊருக்கு வந்துவிடட்டுமா என்று அம்மாவுக்கு எழுதினேன். உங்கள் ஆபீசிலிருந்து தந்தி வந்தது: கவலை வேண்டாம். அங்கேயே இரு. இருந்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக வெளியிலேயே இருக்கிறேன். அம்மாவும் போய்விட்டார்கள். ஐயா, அன்றைக்கு அம்மா வேறு ஏதாவது சொன்னார்களா?'

பாபநாசம் கண்ணை மூடி எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். முகம் வரவில்லை. எத்தனை அம்மாமார்! கடைசியில் "நினைவில்லை" என்று தட்டினார். பொய்யில்லை, கூடுதல் குறைச்சலும் இல்லை.

சொர்ணாம்பாள் திரையை எட்டிப் பார்த்தாள். "அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தந்தியா குடுக்கப் போறீய?" என்றாள். குரலில் கேலியே இல்லை.

பாபநாசம் தட்டியதை அழித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார்.

'தம்பி, உங்கள் அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. என்ன சொன்னார்கள் என்பதும் நினைவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். முப்பத்து நாலு வருஷத்தில் நாலே வார்த்தையோடு என் சன்னலுக்கு வந்த தாய் ஒருத்திகூட கிடையாது. மிச்சத்தையெல்லாம் வெட்டியது நான்தான்.'