பேரைப் பிடித்துத் தைத்தவர்

கோட்டாற்றில் டெய்லர் ஹசனிடம் துணியைக் கொண்டுபோனால் அளவெடுக்கும் முன்பே ஒரு கேள்வி வரும். ஆல்டரா, சேஞ்சா? புதுச் சட்டை தைக்க வந்தவன் திருதிருவென்று விழிப்பான். அதைப் பார்ப்பதில் ஹசனுக்கு ஒரு குஷி. இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்ததே இந்த இரண்டு சொல்தான், அதற்கே இத்தனை அலட்டலா என்று தெருவில் பேசிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த இரண்டையும் அவர் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். சுதந்திரம் வந்த வருஷம், மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் வேலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், இடுப்பு தொளதொளத்துப் போன கால்சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்த குமாஸ்தா, துரை இதை மாற்றித் தரச் சொன்னார் என்றார். துரைக்குப் போய்ப் பழசைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பதா, அது மரியாதையா? ஹசன் இடுப்பை மட்டும் குறைத்து, புத்தம் புதுசாக ஒன்று தைத்து வைத்தார். பழசைக் கிழித்து மெஷினில் எண்ணெய் துடைக்கப் போட்டுக்கொண்டார்.

துரை நேரிலேயே வந்து புதுசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் இது என்னுடையது இல்லையே என்றாராம். துரை சொல்லியனுப்பிய ஆல்டர் என்றால் அதே துணி அதுவாகவே இருக்க, அங்கங்கே கொஞ்சம் பிடித்தோ விட்டோ சரிசெய்வது. சேஞ்ச் என்றால் அடியோடு வேறாகவும் ஆகிவிடலாம் என்று குமாஸ்தா அப்புறம்தான் விளக்கினார். எண்ணெய்த் துணியைப் பார்க்கவே ஹசனுக்குக் கூச்சமாக இருந்தது.

நாலைந்து வருஷம் கழித்து மகள் ஜைனம்புவுக்குக் குளச்சலிலிருந்து சம்பந்தம் வந்தது. கருவாட்டு வியாபாரம், ஒரே பையன். ஜன்னல் வழியே அவனை ஒரு நோட்டம் பார்த்ததிலிருந்து பெண்ணுக்குக் கால் தரையில் பாவவில்லை. எல்லாம் கூடிவந்த நேரத்தில் மாப்பிள்ளையின் உம்மா ஒன்று சொல்லியனுப்பினாள். அவள் பேரும் ஜைனம்புதான். நாளைக்கு மருமகளை யாராவது பேர் சொல்லி ஏசினால் மாமியை ஏசியது போலாகும், அதனால் நிக்காஹுக்கு முன்பு பெண்ணுக்கு வேறு பேர் வைத்துவிட வேண்டும்.

ஜைனம்பு என்பது ஹசனைப் பெற்றவளின் பேர். அதை விட மனசில்லை. சம்பந்தம் வேண்டாம் என்றால் மகள் முகத்தில் விழிக்க முடியாது. நேரில் போய்ப் பேசிப் பாருங்கள் என்று மனைவி ஜுபைதா பீவிதான் பிடித்துத் தள்ளினாள்.

குளச்சலில் அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசினாள். ஹசன் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த நயமான பேச்சு மறந்துபோய், தொழில் பேச்சுதான் வாயில் வந்தது.

"லாத்தா, எனக்க மவ பேரை சேஞ்ச் செய்யாண்டாம். ஆல்டர் செய்வோம். ஓரத்தில ரெண்டு தையல் பிடிச்சு ஜைனுன்னு ஆக்கிருவோம். துணி அதேதான், உங்களுக்கும் இடிக்காது."

பிறகு இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத் துரையின் கால்சட்டை சகிதம் விளக்கினார். மாப்பிள்ளையின் வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வந்த காரியம் கெட்டது என்று ஹசன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"எனக்குச் செஞ்சது சேஞ்சாக்கும்," என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "இந்த வீட்டுக்கு வரும்போ எம்பேரு பாத்துமுத்து. மாமிக்கும் அதே பேருன்னு மாத்திட்டாவ. பிள்ளை ஜைனுன்னே வரட்டு."

ஜைனு என்பது கூப்பிட மட்டும்தான்; நிக்காஹ் ஜைனம்பு என்ற பேரிலேயே நடந்தது. ஹசன் கொடுத்துவைத்தவர்போல் பந்தியில் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். குளச்சல் வீட்டு அடுக்களையில் நடந்ததை மறுநாள் ஜுபைதா பீவி வந்து சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மாமியின் பழைய பேரைத் தன் வாப்பா வந்து சொன்னபோது கேட்டு வைத்திருந்த ஜைனு, எல்லாரும் இருக்கும்போதே, "பாத்துமுத்து மாமி" என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அந்த அம்மாள் ஒரே கூப்பிடலில் திரும்பிவிட்டாளாம்.