இராக்கம்மாவின் பெருவிரல்

பதுளையில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் மருத்துவிச்சியாக இருந்தேன். இராக்கம்மாவின் நான்கு பிரசவங்களையும் நான்தான் பார்த்தேன். கடைசிப் பிள்ளை பிறந்து பத்தாம் நாள் கொழுந்துக் கூடையோடு கிளம்பியவளை ஏசித் திருப்பி அனுப்பினேன்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று. அதிலிருந்து பீலிக் குழாயில் விழும் தண்ணீரைத்தான் லயத்தார் மூன்று தலைமுறையாகக் குடித்தார்கள். 1997இல் தோட்டத்தை நடத்த வந்த கம்பெனி ஊற்றைச் சுற்றி வேலி போட்டுத் தண்ணீரைத் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவுக்கு இழுத்தது. லயத்துக்கு மிஞ்சியது தொழிற்சாலைக்குக் கீழே ஓடும் ஓடை. இரண்டு மாதத்தில் ஒரு குழந்தை வயிற்றோட்டத்தில் இறந்தது.

கேட்கப் போனவர்களிடம் துரை ஒரு தாளைக் காட்டினார். ஊற்றில் தங்களுக்கு உரிமையில்லை என்று எல்லோரும் கைநாட்டு வைத்திருந்தார்கள். காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் போடும் நேரத்தில் நீட்டிய தாள். பெரட்டில் எதை நீட்டினாலும் கை வைத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். முதல் கைநாட்டு இராக்கம்மாவுடையது.

லயத்தார் கொடுத்த மனுவுக்குப் பதுளை அரசாங்கக் கச்சேரியில் விசாரணை. எங்கள் வக்கீல் பத்மநாதன் இராக்கம்மாவின் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். கொழுந்து பறித்தே ரேகை தேய்ந்திருந்தது. தாளில் இருந்தது வெறும் மைப்பொட்டு.

"இது உங்கட விரல் எண்டு ஒருத்தராலும் காட்ட ஏலாது. வைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ அம்மா. மற்றவையும் அப்பிடியே சொல்லுவினம்."

"சொல்லு புள்ள," என்றேன் நானும். பொய்யைவிட வயிற்றோட்டம் மோசம்.

இது உன் கைநாட்டா என்று விசாரணை அதிகாரி கேட்டதும், "நான்தாங்க வச்சேன்," என்றாள். "ஆனா எழுதிக் குடுக்க அந்தத் தண்ணி என்னுதாங்க? மழைய எழுதி நீட்டியிருந்தாலும் பெரட்டுல கை வச்சிருப்போம். அதுக்காக மழை தொரையோடதா ஆயிருமா?"

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. லயத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஊற்று கம்பெனியிடமே இருந்தது.

"இவ ஒருத்தி இல்லன்னு சொல்லியிருந்தா வேலி போயிருக்கும்," என்று லயத்தில் பாதிப் பேர் அவளோடு பேசவில்லை.

2006இல் இறந்தாள். உடலைக் குளிப்பாட்ட ஊர்வலமாய்ப் போய்க் குடத்தில் நீர்மாலை எடுத்துவர வேண்டும்.

"மழை வருது, குழாயில புடிங்க," என்றேன்.

மகள் தனலெட்சுமி குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றை நோக்கி மேலே ஏறினாள். இராக்கம்மாவோடு பேசாதிருந்தவர்களும் ஆளுக்கொரு குடத்தோடு பின்னால் போனார்கள்.

"யாருகிட்ட கேட்டு வந்தீங்க?" என்றான் வேலிக் காவல்காரன்.

"யாருகிட்டயும் கேக்கலண்ணே. தெறங்க," என்றாள் தனலெட்சுமி.

திறந்தான்.

அந்தத் தண்ணீரில் நானே அவளைக் கழுவினேன். பெருவிரலைத் தனியாகத் தேய்த்தேன். கொழுந்துக் கறை போகவில்லை.

மறுநாள் வேலியில் புதுப் பூட்டு தொங்கியது. தனலெட்சுமி வெறுங்குடத்தோடு அதன் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை லயம்வரை நீண்டிருந்தது.