ஏரிக்கு ஆதாரம் கேட்ட எட்டு ஞாயிறுகள்

கலைக்களஞ்சியத்தில் எழுதப் புதியவர்களைப் பழக்குகிற வேலையில், சொல்லிக்கொடுக்கிற நேரத்தைவிடச் சமாதானம் சொல்கிற நேரமே அதிகம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யாரும் திருத்தலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியம் அது. வாருங்கள் என்று கூப்பிடுவது நாம்தான். வந்தவர் எழுதியது பத்து நிமிடத்தில் காணாமல் போனதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதும் நாம்தான். ஏதாவது ஒரு கணினி அறையில் அந்த முகத்தின் எதிரே நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் ஆள்.

வார நாட்களில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலையில் எங்கள் பகுதி நூலகத்தில் இந்த வகுப்பு. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் 'தெரியாது' என்று சொல்லக் கூச்சம், தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று அதைவிடப் பயம். இரண்டையும் வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பது எப்படி என்று கேட்காதீர்கள். சனிக்கிழமை முழுக்க விதிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பேன், அவ்வளவுதான்.

நூலகர் கலாவதி மேடம் அறையைக் கொடுத்தபோதே நிபந்தனையும் போட்டுவிட்டார். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இடமில்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கையால் காட்டிவிட்டுச் சொன்னார்: "எட்டு ஞாயிறு தரேன். அதுக்குள்ள உங்க ஆளுங்க எழுதின ஒரு கட்டுரையாவது அழியாம நிக்கணும். நிக்கலைன்னா ரூமை இவங்களுக்குக் கொடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

என் பேரு எங்க வரும்?

முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் குடியிருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுநர் ஏழுமலை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தமயந்தி அக்கா. கணவருக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கும் பிரவீன். ஈரோட்டுக்காரர், மென்பொருள் வேலை.

நான் எழுதி வைத்திருந்த முன்னுரையை ஆரம்பிக்கும் முன்பே ஏழுமலை கையைத் தூக்கினார். எழுதினால் பேர் எங்கே வரும் என்று கேட்டார். கட்டுரையில் வராது, 'வரலாறு' என்றொரு பக்கம் இருக்கிறது, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அதில் இருக்கும் என்று திறந்து காட்டினேன். திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். பிறகு பெரிய ஏமாற்றம் எதுவும் இல்லாமல் சொன்னார்:

"அதாவது டீச்சர், கல்யாணத்துல சமைச்சவன் பேரு பத்திரிகைல வராது. சமையக்கட்டாண்ட போய்க் கேட்டா சொல்வாங்கோ. அவ்ளோதானே?"

அடுத்தவங்க எழுதினத அழிக்கலாமா?

தமயந்தி அக்கா எதையும் தொடப் பயந்தார். கணவர் கிளம்பும்போதே, தொழிற்சாலையைப் பற்றி ஓர் எழுத்து எழுதக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா அதைப் பொதுவாக எதையுமே எழுதக் கூடாது என்று எடுத்துக்கொண்டுவிட்டார். இரண்டு வாரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தார். அப்படிப் படிக்கும்போதுதான் ஒரு கட்டுரையில் ஒரே பத்தி இரண்டு முறை ஒட்டியிருந்ததைக் கண்டுபிடித்தார். எத்தனையோ பேர் பார்த்துவிட்டுப் போன பக்கம் அது.

ஒன்றை அழித்துவிடுங்கள் என்றேன். போலீஸ் வருமா என்றார். வராது என்றேன். தப்பாகிவிட்டால் பழையபடி திருப்பி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது என்று காட்டினேன். அந்தப் பொத்தானை இரண்டு முறை காட்டச் சொன்னார். பிறகு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, 'வெளியிடு' என்பதை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார்:

"ஏ பிள்ள, அழிச்சிருக்கேன், ஒரு ஆளு ஏன்னு கேக்கலயே! யாரு எவருன்னு தெரியாம இவ்வளவு நம்புதாவளே, இவியள வீட்ல யாரும் வையமாட்டாவளா?"

ஆறே நிமிஷத்துல எப்படிங்க?

பிரவீன் நேர்மாறு. பயமே கிடையாது. மூன்றாவது ஞாயிறு நான் அறைக்குள் நுழையும்போதே காட்டுப்பாக்கம் பற்றி இரண்டு பக்கம் ஏற்றி முடித்திருந்தார். படித்தேன். 'இயற்கை எழில் கொஞ்சும்' என்று தொடங்கி, 'உங்கள் கனவு இல்லத்துக்கு ஏற்ற இடம்' என்று முடிந்திருந்தது. அவர் ஃப்ளாட் வாங்கியபோது கொடுத்த விளம்பரத் தாளை அப்படியே ஒட்டியிருக்கிறார்.

எப்படி இதமாகச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கம் மறைந்துவிட்டது. காரணம் மட்டும் ஒரு வரி: பிறர் எழுத்தின் நகல், விளம்பரம். நீக்கியவர் 'நிழல்மரம்' என்ற பயனர். அது யார், எந்த ஊர் என்று எனக்கும் தெரியாது. அந்தப் பெயரைப் பார்த்தாலே நான் நிமிர்ந்து உட்காருவேன். நான் புதிதாக எழுத வந்தபோது என் முதல் மூன்று கட்டுரைகளையும் நீக்கியவர் அவர்தான். பிரவீன் கோபப்பட்டு எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்:

"ஆறு நிமிஷங்க! எங்க ஆபீஸ்ல நான் எழுதினத ஒருத்தர் படிச்சுப் பார்க்க ஆறு நாளாகுதுங்க. இவங்களுக்குச் சம்பளமே இல்லைன்னு வேற சொல்றீங்க!"

நான் சாட்சி சொன்னா பத்தாதா?

ஐந்தாவது ஞாயிறுதான் எங்களிடம் ஒரு கட்டுரை உருவானது. அயனம்பாக்கம் ஏரி, எழுதியவர் ஏழுமலை. பதினெட்டு வாக்கியங்கள். எந்த மழைக்கு எந்தக் கரை வரை தண்ணீர் வரும், எந்தப் பக்கம் ஆழம், எந்த மாதம் எந்தப் பறவை, எல்லாம் இருந்தன. கடைசி வாக்கியம்: 'எங்க நைனா இந்த ஏரியில்தான் நீச்சல் கற்றுக்கொண்டார்.' எங்கிருந்தும் ஒட்டாத, ஓர் ஆளின் சொந்தக் கையெழுத்து போன்ற எழுத்து. அது நிற்காது என்று எனக்குத் தெரியும். ஆதாரம் ஒன்றுகூட இல்லை. இப்போதைக்கு ஏற்றிவிடலாம், ஆதாரத்தை அடுத்த வாரம் தேடலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமையே 'நிழல்மரம்' அறிவிப்பு வைத்துவிட்டார்: சான்று இல்லை, நீக்கலாமா என்று உரையாடப்படுகிறது, ஒரு வாரம் அவகாசம். ஏழுமலையை அலைபேசியில் கூப்பிட்டு விளக்கினேன். நாம் பார்த்ததை எழுதக் கூடாது, அச்சில் வந்ததைத்தான் எழுத வேண்டும், படிக்கிறவர் நம்மை நம்ப வேண்டியதில்லை, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார். எனக்கே புரிய ஒரு வருடம் ஆன விஷயம் இது. ஆட்டோ இரைச்சலுக்கு நடுவே பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னா டீச்சர் பேசறீங்கோ! ஏரி அங்க கீது. நான் இங்க கீறேன். நடுவுல புக்கு இன்னாத்துக்கு?"

எத்தினி ஓட்டு வேணும்?

அந்த உரையாடலில் நீங்களும் கருத்துச் சொல்லலாம் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அது வாக்கெடுப்பு இல்லை, காரணத்தைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்ல மறந்துவிட்டேன். நான் மறந்தது அது ஒன்றுதான். புதன்கிழமை மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தைப் பார்த்தேன். இருபது நிமிடத்துக்குள் ஏழு பேர், ஒருவர் கீழ் ஒருவராக, 'வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். ஏழுமலையைத் தவிர எல்லாம் அன்றைக்குத் தொடங்கிய கணக்குகள். அதற்குக் கீழே 'நிழல்மரம்' கேட்டிருந்தார்: இவை எல்லாம் ஒரே ஆளின் கைப்பாவைக் கணக்குகளா? ஏழு கணக்குகளும் தடை செய்யப்பட்டிருந்தன.

டிபன் பாக்ஸை மூடினேன். ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவருக்கு ஒரே குஷி. "ஸ்டாண்டுல இருந்த அத்தினி பேரையும் போட வெச்சுட்டேன் டீச்சர். என் போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு நானே கணக்குத் தொறந்து குடுத்தேன். ஏயாவது ஆளுக்கு மட்டும் தொறக்க மாட்டேன்னுடுச்சு, இன்னான்னு பாருங்கோ." ஒரே இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு கணக்குக்கு மேல் தொடங்க முடியாது. அந்த விதி மட்டும் இல்லாவிட்டால் அம்பத்தூர் முழுக்க ஓட்டுப் போட்டிருக்கும்.

இந்தக் கட்டுரையும் போனால் இன்னொன்றுக்கு நாள் இல்லை. இவரை எனக்குத் தெரியாது என்று நான் ஒதுங்கிக்கொண்டால் என் கணக்காவது தப்பிக்கும். 'நிழல்மரம்' கேட்டிருந்ததற்குக் கீழே நான்கு முறை எழுதி அழித்துவிட்டு, ஐந்தாம் முறை உள்ளதை எழுதினேன்: 'ஆறு பேரும் உண்மையான ஆட்கள், ஓர் ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறார்கள். ஏழாமவர் என் வகுப்பில் படிப்பவர். இது வாக்கெடுப்பு இல்லை என்று அவருக்குச் சொல்லாதது என் தவறு. அந்த ஆறு வாக்குகளையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.' சாயங்காலம் 'நிழல்மரம்' பதில் எழுதியிருந்தார். ஏழுமலையின் தடை நீங்கியிருந்தது, உரையாடலுக்கு இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தது. கீழே இரண்டு வரி:

"ஆட்கள் உண்மை என்று நம்புகிறேன். ஏரிக்கு ஆதாரம் எங்கே?"

வெட்டறது யாரு?

ஆறாவது ஞாயிறு முழுக்கத் தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. ஏழாவது ஞாயிறு யாரும் கணினியைத் தொடவில்லை, அலமாரிகளைத்தான் தொட்டோம். பிரவீன் பழைய செய்தித்தாள் கட்டுகளைப் பிரித்துத் தும்மிக்கொண்டிருந்தார். தமயந்தி அக்கா ஏரி, குளம் பற்றிய ஒரு பழைய மாவட்டக் கையேட்டைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பக்கமாக விரலை வைத்துப் படித்தார். "ஏ பிள்ள, கிடைச்சிட்டு!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடிப்படியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். கையேட்டில் ஒரு பத்தி. பிரவீனுக்கும் ஒரு நாளிதழ்ச் செய்தி கிடைத்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் ஐந்து வாக்கியங்கள் தேறின. மீதிப் பதின்மூன்று போக வேண்டும்.

நானே வெட்டிவிடுகிறேன் என்று சுட்டியை எடுத்தேன். ஏழுமலை வேண்டாம் என்று வாங்கிக்கொண்டார். பறவைகள் போயின. ஆழம் போயிற்று. கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. "எங்க நைனா பேரு எந்த புக்குலயும் இருக்காதில்ல?" என்றார். இருக்காது என்றேன். அந்த வாக்கியத்தைத் தன் அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு அழித்தார், அழுத்தினார், எழுந்தார்:

"போவட்டும் டீச்சர். நைனா போய்ப் பத்து வருசமாச்சு. ஏரியாவது நிக்கட்டும்."

எங்க திருத்தணும்?

எட்டாவது ஞாயிறு காலை, உரையாடல் முடிந்து பக்கத்தின் மேலே ஒரு வரி வந்திருந்தது: சான்றுகள் சேர்க்கப்பட்டுள்ளன, நீக்க வேண்டியதில்லை. ஏழுமலை அதைத் தனக்குத்தானே மூன்று முறை வாசித்தார். நான் போய்க் கலாவதி மேடத்தைக் கூட்டி வந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்து வாக்கியத்தையும் படித்தார். கீழே சான்றுகளையும் படித்தார். திரும்பி வெளியே போய்விட்டார்.

போதாது என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஐந்து வாக்கியத்தைக் கட்டுரை என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். அவர் அந்த மாவட்டக் கையேட்டோடு திரும்பி வந்தார், நடுவில் விரலை வைத்தபடி. "பக்க எண் யாரு போட்டது?" என்றார். நான்தான் என்றேன். "நூத்தி நாப்பத்திரெண்டுன்னு போட்டிருக்க. அது நூத்தி நாப்பத்தொண்ணுல இருக்கு." சரிபார்க்காமல் எதையும் எழுதாதீர்கள் என்று எட்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

திருத்தக் கையை நீட்டினேன். தமயந்தி அக்கா என் கையைத் தட்டிவிட்டுத் தன் நாற்காலியை மேடத்துக்குத் தள்ளினார். மேடம் உட்கார்ந்தார். "எங்க தொடணும்?" என்றார். ஏழுமலைதான் மேடம் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, இடத்தைக் காட்டிக்கொடுத்தார். "பயப்படாதீங்கம்மா, போலீஸ் வராது" என்று தைரியமும் சொன்னார். எண் மாறியது. மேடம் வரலாற்றுப் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, தன் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். எழுந்து சாவிக்கொத்தை எடுத்தார்:

"படிக்கிற புள்ளைங்களுக்கு ரூம் பத்து மணியிலேர்ந்து. நமக்கு எட்டுலேர்ந்து பத்து. அடுத்த ஞாயிறு லேட்டா வராதீங்க, இன்னும் எத்தனை பக்க எண்ணு தப்பாக் கெடக்கோ!"

ஆக, சக பாவிகளே, எட்டு வாரத்தில் நாங்கள் உலகத்துக்குக் கொடுத்தது ஐந்து சரியான வாக்கியங்களும் ஒரு தவறான பக்க எண்ணும். வகுப்புக்கு நான்காவது ஆளைக் கொடுத்தது அந்தப் பக்க எண்தான்.