தொட்டுக் கண்ணில் ஒற்றிய தோல்

பிளாக்டவுன் பக்கத்து அரங்கு ஒன்றில் ஜப்பானிய மேளக்காரர்கள் வாசிக்கிறார்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர்தான் எல்லோரையும் திரட்டிக்கொண்டு போனார். நானும் மனைவியும் அவருக்குப் பக்கத்து இருக்கைகளில்.

முதல் அடி விழுந்ததும் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், பிரமாதமான வாசிப்பு. ஆளைவிட உயரமான மேளத்தின் முன் ஒரு பெண் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கைகளையும் ஓங்கி ஓங்கி அடித்தார். மனைவியின் விரல்கள் என் முழங்கையில் தாளம் போட்டன. செயலாளர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இருக்கிறது. என் மனைவி பறை அடிப்பவள். கிரவீனில் எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமை காலைகளில் ஆறு பெண்கள் கூடிப் பழகுவார்கள். தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார் என்று, ஹேர் டிரையரை வைத்துச் சூடேற்றுவார்கள். பொங்கல் விழாவில் பத்து நிமிடம் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் அவர்கள் ஆசை. போன மாதம் சங்கக் கமிட்டியில் அந்தப் பேச்சு வந்தபோது, "சாவு வீட்டு மேளத்த நல்ல நாள்ல அடிக்கணுமா? நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று இதே செயலாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நானும் அந்தக் கமிட்டியில் ஓர் உறுப்பினன். எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன், மனுஷன் மசியவில்லை என்று அன்று வீட்டில் வந்து சொன்னேன்.

நிகழ்ச்சி முடிந்ததும், மேடைக்கு வந்து மேளங்களைப் பார்க்கலாம் என்றார்கள். செயலாளர் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெரிய மேளத்தின் தோலை இரண்டு கைகளாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"தெய்வீகம்! பொங்கலுக்கு இவங்களையே கூப்பிட்டுடலாமா?" என்றார்.

மனைவி அந்த மேளக்காரப் பெண்ணிடம், இது என்ன தோல் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாட்டுத்தோல் என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

"என் பறையும் மாட்டுத்தோல்தான் அண்ணா," என்றாள் மனைவி. "அதையும் இப்படித் தொட்டுக் கும்பிடுவீங்களா?"

செயலாளரின் முகம் சுருங்கியது. "அது வேற, இது வேறம்மா. என்மேல மட்டும் ஏன் கோவப்படுற? உங்க வீட்டுக்காரரும் அன்னைக்கு சரின்னுதானே தலையாட்டினாரு."

மனைவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் காருக்கு நடந்தாள்.

வழியெல்லாம் நான் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஜப்பான்காரன் அடித்தால் தெய்வீகம், நம் வீட்டுப் பெண்கள் அடித்தால் சாவு மேளமா? எவ்வளவு பெரிய வேஷம்! சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

கராஜ் கதவுக்கு முன்னால் காரை நிறுத்தியதும் மனைவி கேட்டாள்.

"அவர் அப்படித்தான்னு எனக்குத் தெரியும். நீங்க ஏன் தலையாட்டினீங்க?"

"இல்லம்மா, அங்க நாலு பேர்..." என்று ஆரம்பித்தேன்.